தூங்கிட்டியா, செல்வி?

டயாலிசிஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டால், என் வயசுக்காரர்கள் எல்லோரும் மிஷினிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் மிஷினைத் தொடப்போவதில்லை. அது வருஷத்துக்கு வருஷம் மாறும். கம்பெனிக்காரர் வந்து சொல்லிக்கொடுப்பார், கூடவே டீயும் பிஸ்கட்டும் வாங்கித் தருவார். அதில் தப்பு நடந்தால் மிஷினே கத்திக் கூப்பிடும். நான் பேச வந்தது கத்தாத ஒரு சமாச்சாரத்தைப் பற்றி.

யூனிட்டுக்கு வருகிற குழந்தைகளிடம் நாம் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்கிறோம். "ராத்திரி நல்லாத் தூங்குனியா?" கேட்பது குழந்தையைப் பார்த்து. பதில் வருவது அதன் தலைக்கு மேலே நிற்கிற ஆளிடமிருந்து. "நல்லாத் தூங்குச்சு சிஸ்டர்." நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். எடை பார்க்கத் தராசு இருந்தது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருந்தது. தூக்கத்தை அளக்க எங்களிடம் இருந்த கருவிகள் அத்தை, சித்தி, பெரியம்மா. அந்தக் கருவிகள் எந்த லட்சணத்தில் வேலை செய்தன என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய வருஷங்கள். விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சின்ன யூனிட்டில் நான் மூத்த நர்ஸ். குழந்தைகள் என்றால் மதுரைக்கு அனுப்பிவிடுவதுதான் அப்போது வழக்கம். செல்விக்கும் மதுரையில்தான் ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு மூன்று தடவை அவ்வளவு தூரம் போய்வந்து பிள்ளை துவண்டுபோனதால், அங்கிருந்த டாக்டர்கள் எங்கள் பெரிய டாக்டரிடம் பேசி அவளை எங்களிடம் அனுப்பினார்கள். பத்து வயசு. இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. அவளுடைய அம்மா தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக இருந்தது.

அப்பாவுக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி, வீடு சிவகாசியில். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். நல்ல மனுஷர். குரல்தான் கொஞ்சம் அதிகம். அவர் ரகசியம் பேசினால் அடுத்த வார்டில் படுத்திருப்பவர் பதில் சொல்வார். காலையில் வேலையாட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்ட கையோடு, அதே வேன் வீட்டுக்குப் போய்ச் செல்வியை ஏற்றிக்கொண்டு எங்களிடம் வரும். செல்வியோடு அம்மா வருவார். அம்மாவோடு மூத்த அத்தை, இளைய அத்தை, சித்தி, பெரியம்மா, அவர்களுக்குத் துணையாக இன்னும் சிலர். வேன் கதவைத் திறந்தால் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில்தான் நோயாளி இறங்குவாள்.

வாயைத் திறக்காத ஒரே ஆள் அம்மா. மதுரை டாக்டர்கள் அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையின் ரத்த அழுத்தம் அடங்க வேண்டும், உடம்பில் தெம்பு ஏற வேண்டும், அதன் பிறகுதான் ஆபரேஷன். அழுத்தமோ இறங்குவதாக இல்லை. பிள்ளை சாப்பிடுவதில்லை, முகம் எந்நேரமும் வாடிக் கிடந்தது. ஒரு நாள் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் உடம்பு நல்லா இருக்கறப்பவே எடுத்துக்கிடச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார். 

தூக்கம் எப்படி என்று கேட்டால் மற்ற எல்லோரிடமும் பதில் இருந்தது. மூத்த அத்தை, "அசந்து தூங்குனா" என்பார். சித்தி, "வலது பக்கமாத் திரும்பிப் படுத்துத் தூங்குனா" என்று திசை சொல்வார். செல்வியும் லேசுப்பட்டவள் இல்லை. தூக்கத்தோடு கனவையும் சேர்த்துச் சொல்வாள், அதுவும் ஆளுக்குத் தகுந்த மாதிரி. அத்தைக்கு, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு அம்மன் வந்த கனவு. பெரியம்மாவுக்கு, குதிரையில் அய்யனார் வந்த கனவு. அப்பாவுக்கு, வடக்கேயிருந்து லோடு லோடாக ஆர்டர் வந்த கனவு. அம்மன் சும்மாவா வந்திருப்பாள் என்று அத்தை ஒரு கிடா நேர்ந்துகொண்டார். அய்யனாருக்கு மட்டும் குறையா என்று பெரியம்மா ஒன்று நேர்ந்துகொண்டார். செல்வி கனவு காணக் காண, ஊரில் ஆடுகளின் ஆயுசு குறைந்துகொண்டே வந்தது.

குட்டு உடைந்தது பள்ளிக்கூடத்தில். "கிளாஸ்ல ஒக்காந்ததும் தூங்கிர்றாளாம் சிஸ்டர். டீச்சர் சொல்லிவிட்டாக" என்று அம்மா என் காதில் மெல்லச் சொன்னார். எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் கட்டிலில் படுத்து ஊசி ஏறிய நிமிஷமே அவள் தூங்கிப்போவாள். நான்கு மணி நேரமும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். வீட்டில் அசந்து தூங்குகிற பிள்ளைக்கு இங்கே எதற்கு இந்தத் தூக்கம்?

பெரிய டாக்டர் அதிகம் பேசாதவர். அவர் பெயரைச் சொன்னால் அவருக்கே பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். அவர் செல்வியின் கால்களைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். முதுகெல்லாம் சொறிந்த கோடுகள். "ராத்திரி படுத்தா கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?" என்று அவளிடமே கேட்டார். "ஆமா, எறும்புக் கூட்டமே போகும்" என்றாள். சிறுநீரக நோயில் இந்த அரிப்பும் கால் குறுகுறுப்பும் சகஜம். அதற்கு வேண்டிய மருந்தை மாற்றி, சாப்பாட்டை மாற்றி, டயாலிசிஸையும் கொஞ்சம் திருத்தினார். அரிப்பு குறைந்தது, எறும்புகளும் இடத்தைக் காலி செய்தன. தூக்கம் மட்டும் வரவில்லை.

பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடும், டயாலிசிஸ் நேரத்தில் அவளைத் தூங்கவிடாதே என்றார் டாக்டர். நான் கதை சொன்னேன். பாதிக் கதையில் அவள் தூங்கிவிட்டாள். ஆலங்குளம் சிமெண்ட் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பக்கத்துக் கட்டிலில் இருப்பார், செல்வியோடு வம்பளப்பதில் அவருக்கு ஆசை அதிகம். அவர்தான் மீதிக் கதையைக் கேட்டு முடித்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள்தான் அவர் இருந்தார். ஒரு நாள் வரவில்லை. ராத்திரி வீட்டிலேயே தவறிவிட்டதாகத் தகவல் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி விஷயத்தைத் தன் கையில் எடுத்தார். பிள்ளைக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் சத்தம் என்று முடிவுகட்டினார். சத்தத்தை விற்றுச் சாப்பிடுகிற மனுஷர், சத்தம் போடாதீர்கள் என்று சிவகாசியில் வீடு வீடாக ஏறி இறங்கினார். வெளியூர் வியாபாரிகளுக்குச் சாயங்காலத்தில் சாம்பிள் வெடித்துக் காட்டுவதைத் தெருவில் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்றார். "சரவெடியை எப்படி அண்ணாச்சி சத்தமில்லாமக் காட்டுறது?" என்று ஒருவர் கேட்டாராம். "வாயால சொல்லுப்பா. சரக்கு நல்லா இருந்தா வாங்காமலா போயிருவான்?" என்று இவர் சொல்ல, அந்த மனுஷரும் வடக்கேயிருந்து வந்த வியாபாரியின் முன்னால் நின்று தன் வாயாலேயே ஒரு முழுச் சரத்தையும் வெடித்துக் காட்டி ஆர்டர் பிடித்துவிட்டார். பிள்ளைக்காக என்றால் அந்தத் தெருவில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்கிறேனே தவிர, அந்தத் தெருக்காரர்களை எங்கே பார்த்தாலும் இன்றைக்கும் கும்பிடுவேன்.

தெரு அமைதியானது. செல்வி தூங்கவில்லை.

அண்ணாச்சி சளைக்கவில்லை. சத்தத்தை நிறுத்திப் பலனில்லை என்றதும், அப்படியானால் வேண்டியது சத்தம்தான் என்று பிளேட்டைத் திருப்பிப் போட்டார். "இங்கன மிஷினு ஓடுற சத்தத்துல நல்லாத் தூங்குறால்ல சிஸ்டர்? அந்தச் சத்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்று ஒரு டேப்ரெக்கார்டரோடு வந்து நின்றார். டாக்டரிடம் கேட்டேன். "சத்தம்தானே, எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். மிஷின் பக்கத்தில் டேப்பை வைத்து, ஒரு கேசட் முழுக்க அண்ணாச்சி பதிவு செய்தார். நடுவில் செல்வி தூக்கத்தில் கையை மடக்கினாள், குழாய் மடங்கியது, மிஷின் அலாரம் அடித்தது. அத்தைமார்கள் எல்லோரும் கட்டிலை நோக்கிப் பாய, "யாரும் கிட்ட வராதீக! தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க!" என்று நான் கத்தினேன். எல்லாம் சேர்ந்து கேசட்டுக்குள் போய்விட்டது. யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

அடுத்து நடந்ததை அம்மாவும் செல்வியும் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். வீட்டில் எல்லோரும் படுத்தபின் டேப் ஓடியிருக்கிறது. மிஷின் முனகல் கேட்டுப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லோரும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். திடீரென்று அலாரம். பின்னாலேயே என் குரல், "தள்ளிப் போங்க!" அது பட்டாசுக் குடும்பம். அந்த மாதிரி ஒரு குரல் கேட்டால், எழுந்து யோசிப்பது அவர்கள் பழக்கம் இல்லை. பக்கத்தில் எந்த வாசல் இருக்கிறதோ அதன் வழியாக எல்லோரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். ஓடுகிற ஆளிடம் ஏன் ஓடுகிறாய் என்று கேட்கிற வழக்கமும் அந்த ஊரில் கிடையாது. பார்த்த அக்கம்பக்கமும் ஓடியது. தெரு முழுக்க ஜனம் பொட்டலில் போய் நின்றபிறகு, அண்ணாச்சி முறைப்படி தலை எண்ணியிருக்கிறார். இரண்டு தலை குறைந்தது. செல்வியை அத்தை தூக்கி வந்திருப்பார் என்று சித்தியும், சித்தி தூக்கி வந்திருப்பார் என்று அத்தையும் நினைத்திருக்கிறார்கள். செல்வியின் அம்மா மட்டும் ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கத் திரும்பியவர் வாசல்படியில் கால் தடுக்கி விழுந்து கிடந்திருக்கிறார்.

செல்வி இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். "அம்புட்டுப் பேரும் வெளிய ஓடிட்டாகளா? வீடே காலி. அப்பம் கொஞ்ச நேரம் நல்லாத் தூங்குனேன் சிஸ்டர்."

எனக்கு அது என்னவோ போலிருந்தது. ஆனால் அதைப் பிடித்து மேலே கேட்பதற்குள் அடுத்த கூத்து வந்துவிட்டது.

அடுத்த தடவை வேன் வந்தபோது செல்வியை அண்ணாச்சி தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார். பின்னால் வந்த அத்தனை முகத்திலும் சிரிப்பு. "வண்டியில ஏறுனதுல இருந்து தூக்கந்தான் சிஸ்டர்!" என்றார் மூத்த அத்தை. கட்டிலில் படுக்கவைத்து ஊசி போட்டேன். எத்தனை தூக்கத்தில் இருந்தாலும் செல்வி அந்த ஊசிக்கு என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் மறுபடி தூங்குவாள். அன்றைக்கு இமைகூட அசையவில்லை.

பிள்ளைகளா, எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் நமக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டால், அதை நம்புங்கள். நான் மிஷினை ஓட்டவில்லை. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முனகினாள், கண் திறக்கவில்லை. டாக்டர் ஓடிவந்தார். சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. "ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே குடுக்கலயே டாக்டர்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டால்கூட அந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே பதில் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டரின் முகம் இறுகியது. என்ன கொடுத்தார்கள் என்று தெரியாமல் என்ன செய்வது? திட்டினால் இன்னும் மறைப்பார்கள். அழுதால் கூடவே சேர்ந்து அழுவார்கள். அப்போது எனக்குத் தோன்றியதைச் செய்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க கம்பெனியில ஒரு ரூமுக்குள்ள இருந்து பொகை வருதுன்னு வைங்க. உள்ள என்ன கலவை இருக்கு, யாரு எம்புட்டு வச்சாகன்னு தெரியாம ஒரு ஆளை உள்ள அனுப்புவீகளா?"

"எப்படி அனுப்புவேன்?"

"டாக்டர் இப்ப உள்ள போகணும். என்ன இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

அவருக்கு விஷயம் பிடிபட்டது. குடும்பத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "யாரு என்ன வச்சீக? வரிசையா வந்து சொல்லுங்க. மறைச்சா ஆளு போயிரும்."

மூத்த அத்தை முதலில் வந்தார். "ஜலதோச மருந்து அண்ணே... இல்ல, தம்பி. ஒரு மூடி. அசந்து தூங்கட்டும்னு." பதற்றத்தில் உறவே மாறிப்போயிருந்தது. அடுத்தது சித்தி. "நானும் அதுலதான் ஒரு மூடி குடுத்தேன். பாட்டில்ல கொறஞ்சிருந்துச்சு, சிந்திருச்சு போலன்னு நெனச்சேன்." இளைய அத்தையும் அதே பாட்டில், அதே மூடி, அதே நினைப்பு. பெரியம்மா தலை நிமிர்ந்து, "நான் மருந்து எதுவும் குடுக்கல. பாலுதான். கசகசா அரைச்சுப் போட்டு" என்றார். வேன் டிரைவர்கூட வரிசையில் வந்து நின்று, "நான் ஒண்ணும் குடுக்கல சார். வண்டியை மட்டும் மெதுவா ஓட்டுனேன்" என்றார். எல்லோரும் சொல்லி முடித்தபின் அண்ணாச்சி தானே போய் வரிசையின் கடைசியில் நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "ரெண்டு மூடி. காலையில, காப்பியில" என்றார்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பாசம். மொத்தமாக ஒரு பிள்ளைக்குள் போனால், அதிலும் கழிவை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாத பிள்ளைக்குள் போனால், அதற்குப் பேர் வேறு. எனக்கு வந்த கோபத்துக்கு அத்தனை பேரையும் வேனில் ஏற்றிப் பூட்டியிருப்பேன். கோபத்தோடு அழுகையும் வந்தது, அதனால் திட்டவும் முடியவில்லை. டாக்டர் செய்ய வேண்டியதைச் செய்தார். இனி மூச்சைக் கவனித்துக்கொண்டே காத்திருப்பதுதான் வேலை என்றார். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அதுவும் போதாமல் குனிந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். பகல் அப்படியே போனது.

வெயில் இறங்குகிற நேரத்தில், நான் அப்படி விரலை வைத்துக் குனிந்திருக்கும்போது செல்வி கண்ணைத் திறந்தாள். 

"நீங்களும் ஆரம்பிச்சுட்டீகளா சிஸ்டர்?"

"எதை?"

"இருக்கேனான்னு பாக்குறதை."

நான் விரலை எடுத்துக்கொண்டேன். மெதுவாகக் கேட்டேன், சொன்னாள். வீட்டில் ராத்திரி அவளைச் சுற்றி எல்லோரும் படுப்பார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முறைவைத்து எழுந்து, முகத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். "செல்வி, தூங்கிட்டியா?" என்பார்கள். "தூங்கிட்டேன்" என்று இவள் பதில் சொல்வாள். அவர்களும் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

"தூங்கிட்டேன்னு சொன்னாத்தான் அவுக தூங்குவாக. ஆனா அவுக தூக்கத்தைப் பாக்க வரல சிஸ்டர். அந்தத் தாத்தா இருந்தாருல்ல, பக்கத்துக் கட்டில்ல? தூக்கத்துலயே போயிட்டாரு, குடுத்துவச்ச மகராசன்னு வேன்ல பேசிக்கிட்டாக. முந்தியும் எழுப்பி எழுப்பிக் கேப்பாக, டார்ச் அதுல இருந்துதான்."

"அதனாலதான் தூங்க மாட்டியா?"

"தூங்குனா எப்படித் தெரியும், நான் இருக்கேனா இல்லையான்னு?" என்றாள். "இங்கன நீங்க இருக்கீக, மிஷினு இருக்கு. தூங்குறப்ப யாரும் கேள்வி கேக்க மாட்டீக. இங்கன தூங்கலாம்."

பிறகு, காரச்சேவு இருக்கிறதா என்று கேட்டாள். அது அவளுக்கு ஆகாது. இல்லை என்றேன். என்னை ஒரு முறை முறைத்தாள். அந்த முறைப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே நின்ற அத்தைமார்களுக்கும் காதில் விழுந்தது. சின்னப் பிள்ளையிடம் சாவைப் பற்றியெல்லாம் பேசக் கூடாது, கனவு ஏதாவது கேளுங்கள் என்றார்கள். டாக்டர் காதில் வாங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டுச் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தத் தாத்தாவுக்கு இருதயம் ரொம்ப நாளாவே கெட்டுப்போயிருந்துச்சு. முழிச்சிருந்தாலும் அன்னைக்குப் போயிருப்பாரு. தூக்கம் அவரை ஒண்ணும் செய்யல."

"எனக்கு?"

"உன் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தேன். நல்லா இருக்கு."

"கேரண்டியா?" பேசுவது முதலாளி மகள் அல்லவா!

டாக்டர் யோசித்தார். "உங்கப்பா புஸ்வாணத்துக்குக் கேரண்டி குடுப்பாரா?"

"மாட்டாரு. நமுத்துப் போகாம வச்சிருந்தா எரியும்னு சொல்லுவாரு."

"அவ்வளவுதான். உன்னை நமுத்துப் போகாம வச்சுக்கிறது எங்க வேலை. ராத்திரி முழிச்சு உக்காந்து நீயே காவல் காக்க வேண்டாம்."

செல்வி அதை ஏற்றுக்கொண்ட மாதிரி தெரிந்தது. பெரியவர்களை ஏற்கவைப்பதுதான் பெரும்பாடு. மூச்சுத் திணறினால், முகம் வீங்கினால், எந்தெந்த நிலையில் உடனே கூப்பிட வேண்டும் என்பதை டாக்டர் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் அண்ணாச்சியைத் தனியே அழைத்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க கம்பெனியில ஒரு ரூமுக்கு எத்தனை ஆளு?"

"நாலு. சட்டம்."

"அஞ்சாவது ஆளு பாசமா வந்து நின்னா?"

"எம்புட்டுப் பாசமா வந்தாலும் வெளிய தள்ளிருவேன். கூட்டம் கூடுனாத்தானே ஆபத்தே."

"செல்வி ரூம்ல எத்தனை ஆளு?"

அவர் விரலை விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்தது, இன்னொரு கை முடிந்தது. அதற்கு மேல் எண்ணாமல் கையைக் கீழே போட்டார்.

கம்பெனி ரூம்களில் சுவரில் எழுதிவைக்கிற மாதிரியே, அதே பெயிண்டரைக் கூட்டிவந்து செல்வி படுக்கிற அறைக்கதவில் எழுதவைத்துவிட்டார். வெள்ளையில் சிவப்பு எழுத்து. 'ஆட்கள் 2. டார்ச் கொண்டுவரக் கூடாது. உள்ளே கேள்வி கேட்கக் கூடாது.' இரண்டு ஆட்கள் என்பது செல்வியும் அம்மாவும். மூத்த அத்தை கோபித்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. "புள்ளைக்கு என்னமும் ஒண்ணுன்னா யாரு பாக்குறது?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். பெத்தவள் பார்த்துக்கொள்வாள் என்றேன். அவர் அழுதார். அந்த டார்ச்சை அடிக்கும்போதெல்லாம் அவருக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும் என்றார். அதை யாரிடமும் சொன்னதில்லையாம். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கதவுக்கு வெளியே காதை வைத்துக் கேட்ட சித்தி ஒரு நாள் பிடிபட்டார். ஆனால் செல்வி கனவு சொல்வதை மெல்ல மெல்ல நிறுத்தினாள். எங்கள் கட்டிலில் ஊசி ஏறியதும் தூங்கிப்போகிறவள், கொஞ்சம் விழித்திருந்து கதை கேட்க ஆரம்பித்தாள். ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சுக் கேட்கத் தொடங்கியது. பிறகு மதுரையில் ஆபரேஷன் நடந்து, அவள் அம்மாவின் சிறுநீரகத்தோடு பள்ளிக்கூடம் போனாள். அதை அந்த டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல இருப்பது அதற்கு முன்னால் நடந்த ஒரு காலைதான்.

வேன் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள், கடைசியில் செல்வி. கட்டிலில் படுத்தாள். நான் வழக்கம்போலக் கேட்டேன். "ராத்திரி நல்லாத் தூங்குனியா?"

அத்தைமார் வாயைத் திறந்தார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். செல்வி கொட்டாவி விட்டுக்கொண்டே யோசித்தாள்.

"தெரியல சிஸ்டர்."

"எந்நேரம் தூங்குன?"

"தெரியல."

"கனவு?"

"தெரியலயே."

அண்ணாச்சிக்குப் பதறிவிட்டது. "தெரியலயா? என்ன ஆத்தா இப்படிச் சொல்ற? நல்லா யோசிச்சுப் பாரு!" என்று அவர் குரல் அடுத்த வார்டு வரைக்கும் போனது. "அப்ப நேர்ந்துக்கிட்ட கெடாய்க?" என்று பெரியம்மா கவலைப்பட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எத்தனையோ வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன், இதுதான் சரியான பதில் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தூங்காத பிள்ளைதான் மணிக்கணக்கு சொல்லும், கனவுக் கதை சொல்லும். இருந்தாலும் நர்ஸ் புத்தி விடுமா? பக்கத்தில் படுத்தவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று அம்மாவைப் பார்த்தேன்.

"நீங்க சொல்லுங்கம்மா. புள்ளை தூங்குனாளா?"

அந்தம்மா எதையோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் தெரியல சிஸ்டர்" என்றார். "நானும் தூங்கிட்டேன்."